அணி தோற்றால் யாரைக் குறை சொல்வது?

ஐ.எஸ்.எல். கால்பந்து லீக்கில் ஆடும் கேரளா பிளாஸ்டர்ஸ் தோற்ற மறுநாள் காலையில், களியக்காவிளைச் சந்தையைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் தொடங்கி நீரோடிக் கடற்கரை வரை, தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது: கோச்சை மாற்ற வேண்டும். அடுத்த தோல்விக்கு கோல்கீப்பர் பொறுப்பாவார், அதற்கடுத்த தோல்விக்கு நடுவர். கண்ணில் பட்டவர் மீது பழி விழும் இந்த வழக்கத்தைவிட நம்பத்தக்க முறை ஒன்று உண்டு. தவறை யார் செய்தார் என்று கேட்பதற்கு முன், அது எப்போது செய்யப்பட்டது என்று கேளுங்கள். மைதானத்தில் 90 நிமிடங்களுக்குள் நடந்த தவறு ஆட்டக்காரருடையது. பயிற்சியில் சரிசெய்யாமல் விட்டது கோச்சுடையது. சீசன் தொடங்குமுன் ஆள் எடுத்தபோதும் விற்றபோதும் நடந்தது நிர்வாகத்துடையது.

ஒரே ஆட்டத்தை வைத்து யாரையும் குற்றவாளியாக்காதீர்கள். கால்பந்தில் கோல்கள் குறைவு என்பதால் அதிர்ஷ்டத்துக்கு இடம் அதிகம். நன்றாக ஆடிய அணியும் தோற்கும். பிளாஸ்டர்ஸ் 2016-இலும் 2022-இலும் இறுதிப் போட்டியில் தோற்றது பெனால்டி உதைகளில்தான். உலகெங்கும் நான்கு பெனால்டிகளில் ஏறக்குறைய மூன்றே கோலாகின்றன. எனவே ஒருவர் தவறவிட்டதற்காக ஒரு சீசனின் உழைப்பையே குப்பையில் போடுவது நியாயமல்ல. எட்டுப் பத்து ஆட்டங்களாவது பொறுத்திருந்து, அணி உருவாக்கிய வாய்ப்புகளையும் எதிரணிக்குக் கொடுத்த வாய்ப்புகளையும் ஒப்பிடுங்கள். வாய்ப்புகள் நிறைய வந்தும் கோல் விழவில்லை என்றால் பெரும்பாலும் காத்திருப்பதே மருந்து. வாய்ப்பே வரவில்லை என்றால் விசாரணையைத் தொடங்கலாம்.

ஆட்டக்காரரின் குற்றத்தையும் கோச்சின் குற்றத்தையும் பிரித்தறிய, பந்தை விட்டுவிட்டு வேறிடத்தைப் பார்க்கப் பழகுங்கள். எதிரணி வலப்பக்கம் பந்தைக் கொண்டுபோகும்போது, மறுபக்கத் தற்காப்பு வீரர் உள்ளே ஒடுங்கி வருகிறாரா, அல்லது பந்தையே வேடிக்கை பார்த்தபடி நிற்க, அவர் முதுகுக்குப் பின்னால் எதிரணி ஆள் ஒருவன் ஓடுகிறானா என்று கவனியுங்கள். ஒருவர் ஒருமுறை ஏமாந்தால் அது அவருடைய பிழை. அந்த இடத்தில் ஆள் மாறியும் அதே இடைவெளியில் மூன்றாவது, நான்காவது கோல் விழுந்தால், பயிற்சியில் அதை யாரும் திருத்தவில்லை என்று பொருள். அப்போது கோச்சைக் கேளுங்கள். கார்னர் உதைகளில் யார் யாரைப் பிடிப்பது என்பதில் வாரந்தோறும் நேரும் குழப்பமும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கோச்சை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு, அதே லீக்கில் ஆடும் ‘சென்னையின் எஃப்சி’ என்ற அணி நல்ல பாடம். 2019-இல் கோச் ஜான் கிரிகரி விலகியபோது அணி அடிமட்டத்தில் கிடந்தது. அடுத்து வந்த ஓவன் கோய்ல் அதே அணியை 2020 மார்ச்சில் இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். அதே கோய்ல் பின்னர் திரும்பி வந்து பயிற்சியளித்த 2024-25 சீசனில் அணி 13 அணிகளில் 11-வது இடத்தில் முடிந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் 2024 அக்டோபரில் கோச் எரிக் டென் ஹாகை நீக்கியபோது 14-வது இடத்தில் இருந்தது. ரூபன் அமோரிம் வந்து சீசனை முடித்தபோது 15-வது இடம். கையில் இருக்கும் ஆட்கள் யார் என்று பார்க்காமல் கோச்சை அளக்கவே முடியாது.

அந்த வகையில் பிளாஸ்டர்ஸின் 2024-25 சீசனைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. முந்தைய சீசனில் 13 கோல் அடித்த டிமிட்ரியோஸ் டயமன்டகோஸ் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். நடுக்களத்தின் ஜீக்சன் சிங்கும் அங்கேயே விற்கப்பட்டார். முன்களத்துக்கு வந்த ஹெசூஸ் ஹிமெனெஸும் நோவா சதாவியும் கோல் அடித்தார்கள். அங்கே குறை சொல்ல இடமில்லை. வாங்கிய கோல்கள்தான் அணியை மூழ்கடித்தன. 12 ஆட்டங்களில் மூன்று வெற்றிகளோடு கோச் மிகேல் ஸ்டாரே டிசம்பரில் நீக்கப்பட்டார். அதற்குப் பிறகும் அணி எட்டாவது இடத்துக்கு மேல் ஏறவில்லை. தற்காப்பை ஒழுங்குபடுத்தாத பங்கு ஸ்டாரேயுடையது என்பதை மறுக்க முடியாது. ஆனால் போன நடுக்கள வீரருக்கு ஈடு தேடாத பங்கு நிர்வாகத்துடையது, என் கணக்கில் அதுவே பெரியது. ரசிகர் அமைப்பான மஞ்ஞப்பட அன்று நிர்வாகத்தை எதிர்த்துக் குரல் எழுப்பியது, அந்த அளவில் சரியான வாசலையே தட்டியது.

சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்பதையும் விசாரியுங்கள். 2021-22-இல் பிளாஸ்டர்ஸையே வென்று கோப்பை எடுத்த ஹைதராபாத் எஃப்சி, இரண்டே சீசன்களில் பண நெருக்கடியில் சிக்கி, வெளிநாட்டு வீரர்களை இழந்து, 2023-24-இல் 22 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியோடு கடைசி இடத்துக்குப் போனது. அப்போது களத்தில் நின்ற இளைஞர்களைத் திட்டியவர்கள் வெட்கப்பட வேண்டும்.

நடுவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு எஃப்சியின் சுனில் சேத்ரி, பிளாஸ்டர்ஸ் தயாராகுமுன் சட்டென்று உதைத்த ஃப்ரீ கிக் செல்லும் என்று நடுவர் சொன்னது விவாதத்துக்குரியது. ஆனால் பிளாஸ்டர்ஸ் அணியைக் களத்திலிருந்து வெளியே அழைத்துப் போனது அன்றைய கோச் இவான் வுகோமனோவிச்சின் முடிவு. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் அவருக்கு 10 ஆட்டத் தடையும் அதற்குத்தான் வந்தன.

நம் ஊர் கிளப்புகளுக்கும் இந்த முறை பொருந்தும். அங்கே நிர்வாகம் என்பது கமிட்டிச் செயலாளரும் அவருடைய நோட்டுப் புத்தகமும்தான். தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை போன்ற ஊர்களில் நல்ல ஆட்டக்காரர்களில் பலர் ஆழ்கடல் விசைப்படகுகளில் வாரக்கணக்கில் போய்விடுகிறார்கள். எனவே ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் ஆடிய அணியையும், படகுகள் போன பிறகு ஆடிய அணியையும் ஒன்றாக எண்ணி, ‘போன மாதம் ஜெயித்த பயல்களுக்கு இப்போது என்ன கேடு’ என்று கேட்பது வீண். தோல்விக்குப் பிறகு இப்படி ஒரு பேச்சு எழலாம்:

“ஏன் மக்கா, அவனை இப்படி விட்டுட்டே?”

“அண்ணே, நான் ஸ்ட்ரைக்கர். நேத்து ராத்திரிதான் என்னை பேக்ல நிக்கச் சொன்னீங்க.”

இங்கே கோல் விழுந்தது பையனின் காலடியில் என்றாலும், தவறு நடந்தது முந்தைய இரவில், அல்லது அதற்கும் முன்பு நுழைவுக் கட்டணம் கட்டிய நாளில். ஆகவே கமிட்டி கூடும்போது பையனை எழுப்பி நிறுத்தாமல் செயலாளரிடம் கேளுங்கள்: டூர்னமென்ட்டுக்குப் பெயர் கொடுக்குமுன் யார் யார் கரையில் இருப்பார்கள் என்று விசாரித்தாரா, இல்லாதவர் இடத்தில் ஆட எவரையாவது முன்கூட்டியே பழக்கினாரா. இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் மட்டும், பையன் ஏன் ஆளை விட்டான் என்ற கேள்விக்குப் போகலாம்.