உச்சிமுரா மாதிரி ஆக வேண்டும் என்கிற பிள்ளைக்கு முதல் பாடம்

ஜப்பானிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் கோஹெய் உச்சிமுரா 2012, 2016 ஒலிம்பிக்கில் தனிநபர் ஒட்டுமொத்தத் (எல்லாக் கருவிகளின் மதிப்பெண்ணும் சேர்த்து) தங்கம் வென்றவர். உலகப் போட்டியில் அதே பட்டம் ஆறு முறை. அவர் காணொளியில் பல்டியை விடுங்கள். உயரக் கம்பியின் உச்சியில் கையூன்றித் தலைகீழாக நிற்கும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். மணிக்கட்டு முதல் கால்விரல் வரை ஒரே கோடு. பழக வேண்டியது அதைத்தான்.

கோலாலம்பூர் ஃபிளாட் ஹாலே போதும். ஆனால் டைல்ஸ் தரை வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து வழுக்கும். வழுக்காத பாய் விரியுங்கள்.

மணிக்கட்டை இரண்டு நிமிடம் சுழற்றியபின், சுவருக்கு முதுகு காட்டிக் குனிந்து கையூன்றி, பாதங்களைச் சுவரில் ஏற்றி, கைகளைச் சுவர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். வயிறு சுவரைப் பார்க்கும். கைகள் தோளகலம், விரல்கள் விரிந்து. 15 விநாடி, நான்கு முறை.

பலரும் முதுகைச் சுவரில் சாய்த்தே பழகுகிறார்கள். இடுப்பு வாழைப்பழமாக வளைந்துவிடும். பிறகு திருத்துவது பெரும்பாடு. வளைவுக்குத் தோள் இறுக்கமும் காரணம். காதைத் தோள் மூடும்வரை தரையைத் தள்ளச் சொல்லுங்கள். முழங்கை மடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். இறங்கும்போது கைகளைச் சுவரைவிட்டு விலக நடத்தி, பாதங்களைச் சுவரில் மெல்லக் கீழே கொண்டுவர வேண்டும், குதிக்கக் கூடாது.