ரவுட்டர் கம்பெனியிடம் மூலநிரலைக் கேட்டு வாங்குவது எப்படி?

வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் ஒரு வைஃபை ரவுட்டர் இருக்கிறது. வன்பொருளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது. ரவுட்டர்களுக்கான திறந்தநிலை இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி போடலாம் என்றால் அந்த மாடலுக்கு ஆதரவு இல்லை. ஆதரவை நாமே எழுத வேண்டுமானால், உள்ளே ஓடும் லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) கம்பெனி என்னென்ன மாற்றியது என்று பார்த்தாக வேண்டும். அந்த மூலநிரலை, அதாவது புரோகிராமர்கள் எழுதிய வடிவிலேயே உள்ள நிரலை, கடிதம் எழுதிக் கேட்டு வாங்கினேன். கேட்க நமக்கு உரிமை இருக்கிறது என்பதே பல பேருக்குத் தெரியவில்லை என்பதால் முழு வழியையும் இங்கே எழுதுகிறேன். லினக்ஸ் டெர்மினல் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

உரிமை எங்கிருந்து வருகிறது? லினக்ஸ் கர்னல், அடிப்படைக் கட்டளைகளைத் தரும் பிஸிபாக்ஸ் இரண்டும் ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வருபவை. 1991இல் வெளியான உரிமம் அது. அதன் 3ஆம் பிரிவைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: இந்த மென்பொருளைப் பெட்டிக்குள் போட்டு விற்பவர் மூலநிரலையும் கூடவே தர வேண்டும். அல்லது, யார் கேட்டாலும் தருவோம் என்று குறைந்தது 3 ஆண்டுகள் செல்லுபடியாகும் எழுத்துப்பூர்வ வாக்குறுதி தர வேண்டும். அனுப்புவதற்கு ஆகும் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். இது கம்பெனி நமக்குச் செய்யும் உதவி இல்லை. கர்னலை இலவசமாக எடுத்துப் பயன்படுத்தியதற்கு அவர்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனை.

முதல் படி: உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதி செய்வது

ரவுட்டரோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். டிவிக்கு இப்படிக் கேட்பதாக இருந்தால், அதன் அமைப்புகளில் 'சட்டத் தகவல்' போன்ற ஒரு மெனு இருக்கும். ஜிபிஎல் பற்றிய அறிவிப்பும், மூலநிரல் கேட்க வேண்டிய முகவரியும் அங்கே இருந்தால் வேலை பாதி முடிந்தது.

அறிவிப்பே இல்லையா? அதுவே ஒரு மீறல். அப்போது நாம்தான் ஆதாரம் எடுக்க வேண்டும். கம்பெனியின் தளத்தில் ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மொத்த மென்பொருள்) கோப்பு இருந்தால் இறக்கி, அதைப் பிரித்துக் காட்டும் பின்வாக் கருவியில் ஓட்டுங்கள். கர்னலும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற கோப்புத் தொகுதியும் எங்கே தொடங்குகின்றன என்று காட்டும். பிரித்தெடுத்து, உள்ளே இருக்கும் பிஸிபாக்ஸ் கோப்பின் மேல் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை ஓட்டினால் பதிப்பு எண் தெரியும். கர்னலோடு சேர்ந்து ஓடும் துணுக்குகளான மாட்யூல்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் மாட்இன்ஃபோ கட்டளையில் பாருங்கள். உரிமம் என்ற வரியில் ஜிபிஎல் என்று கம்பெனியே எழுதி வைத்திருக்கும் மாட்யூல்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் இதைவிட வலுவான ஆதாரம் கிடையாது.

பின்வாக் ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஃபர்ம்வேர் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கலாம். அப்போது ரவுட்டர் போர்டில் வயர் இணைத்து அதன் செய்திகளைக் கணினியில் படிக்கும் சீரியல் கன்சோல்தான் வழி. ரிச்சி தெருவில் இதற்கான யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் கேட்டால் கொடுப்பார்கள். 3.3 வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்ள ஜம்பர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 5 வோல்ட் கொடுத்தால் போர்டு போய்விடும். கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்ற மூன்று வயர் போதும், மின்சாரம் தரும் நான்காவது முனையை இணைக்கவே கூடாது. வேகம் பெரும்பாலும் 115200. அந்தச் செய்திகளைப் படிக்கும் மென்பொருள்களில் மினிகாமை விட பிகோகாம் எனக்குப் பிடிக்கும், அமைப்புக் கோப்பு எதுவும் கேட்காமல் ஒரே வரியில் திறக்கிறது. ரவுட்டரை ஆன் செய்ததும் ஓடும் பூட் பதிவு முழுவதையும் சேமித்து வையுங்கள். கர்னல் பதிப்பும், ஜிசிசி கம்பைலரின் எந்தப் பதிப்பால் நிரலைக் கம்பைல் செய்தார்கள் (இயங்கும் கோப்பாக மாற்றினார்கள்) என்பதும் அதில் ஒரே வரியில் இருக்கும். இந்த வரி பின்னால் மிகவும் தேவைப்படும்.

இரண்டாம் படி: யாரிடம் கேட்பது

சீனாவில் இருக்கும் தயாரிப்பாளரைத் தேடி அலைய வேண்டாம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பொதி செய்த பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு சட்ட அளவியல் விதிகளின்படி இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், வாடிக்கையாளர் புகாருக்கான தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அச்சிட்டிருக்க வேண்டும். பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள் என்று படிப்பகத்துக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம் துறைமுகத்தில் கன்டெய்னரை இறக்கிப் பெட்டியை இந்தியாவில் விற்கும் இறக்குமதியாளரும் அந்த மென்பொருளை விநியோகிப்பவர்தான். 'நாங்கள் விற்பனை மட்டும்தான் சார், மேனுஃபேக்சரரைக் கேளுங்கள்' என்று சொன்னால், ஜிபிஎல் நிபந்தனை விநியோகிக்கும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும் என்று எழுதுங்கள். மூலநிரலைத் தயாரிப்பாளரிடமிருந்து வாங்கித் தருவது அவர்கள் பொறுப்பு.

ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளத்துக்கு ஒரு குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

மூன்றாம் படி: கடிதம்

ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது, அவர்கள் இதை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

'உங்கள் இன்ன மாடல், இன்ன வன்பொருள் பதிப்பு ரவுட்டரை இந்தத் தேதியில் வாங்கினேன். பில் இணைத்துள்ளேன். அதில் ஓடும் இன்ன எண் ஃபர்ம்வேரில் லினக்ஸ் கர்னல், பிஸிபாக்ஸ், கீழ்க்கண்ட மாட்யூல்கள் உள்ளன. இவை ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்கீழ் வருபவை. 3ஆம் பிரிவின்படி, இதே ஃபர்ம்வேர் பதிப்புக்குரிய முழுமையான மூலநிரலை, கம்பைல் செய்யவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளோடு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். அனுப்பும் செலவை ஏற்கிறேன். 30 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.'

'சாஃப்ட்வேர் கொடுங்கள்' என்று மட்டும் எழுதினால் ஃபர்ம்வேர் இறக்கும் இணைப்பைத்தான் அனுப்புவார்கள். 'முழுமையான மூலநிரல்', 'ஸ்கிரிப்டுகள்' என்ற இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். வழக்குப் போடுவேன் என்று மிரட்டாதீர்கள். நாம் கர்னலின் பதிப்புரிமையாளர் அல்ல. மேலும், மிரட்டல் வந்தவுடன் கடிதம் வக்கீலின் மேசைக்குப் போய்விடும், பதில் எழுதக்கூடிய பொறியாளர் கையில் கிடைக்காது. மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அதே கடிதத்தை வண்ணாரப்பேட்டை தபால் நிலையத்தில் விரைவுத் தபாலாகவும் அனுப்பினேன். காகிதம் போனால்தான் அலுவலகத்தில் யாராவது ஒருவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

வரும் மறுப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். 'சிப் கம்பெனியோடு ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது' என்பார்கள். உரிமத்தின் 7ஆம் பிரிவைக் காட்டுங்கள்: இரண்டு கடமைகளையும் ஒருசேர நிறைவேற்ற முடியாவிட்டால் விநியோகிக்கவே கூடாது என்கிறது அது. 'கர்னல் தளத்தில் எல்லாம் இருக்கிறது, இறக்கிக்கொள்ளுங்கள்' என்பார்கள். அங்கே இருப்பது மூலக் கர்னல். நாம் கேட்பது இவர்கள் திருத்தி, நம் பெட்டியில் போட்டது. 'மாடல் பழசு' என்பார்கள். அந்த ஃபர்ம்வேர் இன்னும் அவர்கள் தளத்தில் இறக்கக் கிடைக்கிறது என்றால் விநியோகம் இன்றும் நடக்கிறது என்று எழுதுங்கள்.

நான்காம் படி: வந்ததைச் சோதிப்பது

பெரும்பாலோர் நின்றுவிடும் இடம் இது. ஒரு ஜிப் கோப்பு வரும், நன்றி சொல்லி மூடிவிடுவார்கள். எனக்கும் மிக அதிக நேரம் பிடித்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கர்னல் கோப்புறையின் மேக்ஃபைலைத் திறந்து, மேலே உள்ள பதிப்பு எண்களைப் பூட் பதிவோடு ஒப்பிடுங்கள். வேறு மாடலின் மூலநிரலைத் தூக்கி அனுப்புவது சாதாரணமாக நடக்கிறது. அடுத்து, கர்னலின் கான்ஃபிக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் எந்த அம்சங்களைச் சேர்த்துக் கம்பைல் செய்தார்கள் என்று தெரியாது. உப்பு, புளி அளவு எழுதாமல் சாமான் பட்டியலை மட்டும் கொடுத்துக் குழம்பு வை என்பது போல. பிறகு, நீங்கள் குறித்துவைத்த மாட்யூல்களுக்கெல்லாம் நிரல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

அப்புறம் கம்பைல். உங்கள் புது உபுண்டுவில் நேராக முயலாதீர்கள். மீடியாடெக் சிப் உள்ள பல ரவுட்டர்களில் இன்னும் 2.6.36தான் ஓடுகிறது, 2010இல் வெளியான கர்னல் அது. இன்றைய ஜிசிசியால் அது கம்பைல் ஆகாது. கன்டெய்னர் என்ற தனிச் சூழல் ஒன்றில் டெபியன் லினக்ஸின் பழைய பதிப்பைப் போட்டு, பூட் பதிவில் கண்ட ஜிசிசி பதிப்புக்குப் பக்கமான ஒன்றைப் பயன்படுத்துங்கள். அந்தக் கன்டெய்னரை நடத்த டாக்கரை விட பாட்மேனைப் பரிந்துரைப்பேன், ரூட் அனுமதி இல்லாமலே ஓடும்.

என்னை உண்மையில் நிறுத்தியது, கர்னலில் நெட்வொர்க் பாக்கெட்டுகளைச் சோதிக்கும் நெட்ஃபில்டர் பகுதி. கம்பைல் பாதி தூரம் ஓடிவிட்டு, ஒரு கோப்பைக் காணோம் என்று நின்றது. காரணம் இதுதான். நெட்ஃபில்டரில் ஒரே பெயரைப் பெரிய எழுத்தில் ஒன்றும் சிறிய எழுத்தில் ஒன்றுமாக வைத்த கோப்புகள் சில உண்டு. எக்ஸ்டி-டிஎஸ்சிபி அப்படி ஒரு ஜோடி: பெரிய எழுத்துக் கோப்பு பாக்கெட்டின் குறியை மாற்றும், சிறிய எழுத்துக் கோப்பு அந்தக் குறி இருக்கிறதா என்று பார்க்கும். வழக்கமான அமைப்பில் விண்டோஸுக்கு இந்த இரண்டு பெயரும் ஒன்றுதான். கம்பெனியில் யாரோ இதை விண்டோஸில் பிரித்து மறுபடி ஜிப் செய்திருக்கிறார்கள், ஜோடியில் ஒன்று அழிந்துவிட்டது. கூடவே சிம்லிங்குகளும், ஸ்கிரிப்டுகளின் இயக்க அனுமதியும் போய்விட்டன.

காணாமல் போனதை மூலக் கர்னலிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் அதில் கம்பெனி திருத்தம் செய்திருந்தால் நமக்குத் தெரியாது. அதனால் பிழைச் செய்தியை அப்படியே இணைத்து, லினக்ஸிலேயே டார் கோப்பாகக் கட்டி அனுப்புங்கள் என்று மறுபடி எழுதினேன். இந்த முறை பதில் பொறியாளரிடமிருந்தே வந்தது. குறிப்பாக, பெயர் சொல்லி, பிழையைக் காட்டிக் கேட்டால் அவர்களுக்கும் வேலை எளிது. அடுத்து வந்த கோப்பில், ஃபர்ம்வேரைப் பொதியாகக் கட்டும் கருவி, முன்பு இல்லாதது, இருந்தது. அது இல்லாவிட்டால் கர்னல் கம்பைல் ஆனாலும் ரவுட்டர் ஏற்கும் வடிவில் கோப்பை உருவாக்க முடியாது. நிறுவும் ஸ்கிரிப்டுகளும் வேண்டும் என்று உரிமம் சொல்வது இதற்காகத்தான்.

கம்பைல் ஆனவுடன் ரவுட்டரில் ஏற்றாதீர்கள். முதலில் ரவுட்டரின் ஃபிளாஷ் நினைவகத்தில் இப்போது இருப்பது முழுவதையும் பிரதி எடுங்கள்.

பதிலே வராவிட்டால்

30 நாள் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் மௌனம் என்றால், சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்புக்கு ஆதாரங்களோடு எழுதலாம். பிஸிபாக்ஸ் முதலிய திட்டங்களின் சார்பில் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறவர்கள் அவர்கள். டிவி கம்பெனியான விசியோ மீது 2021இல் கலிஃபோர்னியாவில் அவர்கள் தொடுத்த வழக்கு நமக்கு முக்கியமானது, ஏனென்றால் பதிப்புரிமையாளராக அல்ல, டிவி வாங்கிய நுகர்வோராக நின்று மூலநிரல் கேட்டார்கள். நம் ஊரில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நிறுவனம் பதிலே தரவில்லை என்பதைப் புகாராகப் பதியுங்கள்.

கேட்டால் என்ன கிடைத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு: 2003இல் லிங்க்சிஸ் ரவுட்டர் ஒன்றுக்குள் லினக்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்து மூலநிரலைக் கேட்டார்கள். கம்பெனி வெளியிட்ட அந்த நிரலிலிருந்துதான் 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியது. இன்று நாம் கைவிடப்பட்ட ரவுட்டர்களை மறுபடி ஓடவைப்பது அந்தக் கேள்வியால்தான்.

பின்சேர்க்கை

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர், எல்லாம் சரியாக வந்தும் கம்பைல் ஆகவில்லை என்றார். அவர் விண்டோஸில் பிரித்து, பென்டிரைவில் லினக்ஸுக்குக் கொண்டுபோயிருக்கிறார். மேலே சொன்ன அதே சிக்கல்தான். வந்த கோப்பைப் பிரிக்காமல் லினக்ஸுக்குக் கொண்டுபோய் அங்கேதான் பிரிக்க வேண்டும்.

ஃபோனுக்கும் இப்படிக் கேட்கலாமா என்று பலர் கேட்டார்கள். கர்னலுக்குக் கேட்கலாம். ஆண்ட்ராய்டின் மற்ற பகுதிகளில் பெரும்பாலானவை அப்பாச்சி உரிமத்தில் வருபவை, அதில் மூலநிரல் தரும் கடமை இல்லை. அதனால் கடிதத்தில் கர்னலை மட்டும் குறிப்பிடுங்கள்.

கேபிள்காரர் ஃபைபர் இணைப்போடு கொடுத்த பெட்டிக்கு யாரிடம் கேட்பது என்பது கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த கேள்வி. பெட்டியை விலைக்குக் கொடுத்திருந்தால் இணைப்பு தந்த நிறுவனமும் விநியோகித்தவர்தான், அவர்களிடமே தொடங்குங்கள். தெருவில் வயர் இழுக்க வரும் அண்ணனிடம் இதைக் கேட்டுப் பயனில்லை, அவருக்கு இதில் அதிகாரம் கிடையாது. பில்லில் இருக்கும் நிறுவன முகவரிக்கு எழுதி, பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படம் எடுத்து இணையுங்கள். வாடகைப் பெட்டி என்றால் அதைத் திறந்து வயர் இணைக்க வேண்டாம். அட்மின் பக்கத்தில் தெரியும் மாடல், ஃபர்ம்வேர் எண்களோடு அதே கடிதத்தை அனுப்பிப் பாருங்கள்.