மழை ஊரில் சக்குலண்ட், காற்று ஊரில் கலாதியா: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

குலசேகரத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் வீட்டில் ஜூன் மாதம் துவைத்துப் போட்ட துணி மூன்று நாளாகியும் காயாது. அதே நாளில் ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைகள் சுழலும் காற்றில், ஈரத்துணி அரை மணி நேரத்தில் விறைத்துவிடும். இரண்டும் கன்னியாகுமரி மாவட்டம்தான். உங்கள் வீட்டுத் துணி எப்படிக் காய்கிறது என்று பார்த்துவிட்டுச் செடி வாங்கப் போனால் பாதிக் காசு மிச்சம்.

சக்குலண்ட் என்று விற்கும் சதைப்பற்றுச் செடிகள் இங்கே வெயிலில் சாவது அபூர்வம். மழையில்தான் அழுகிச் சாகின்றன. நிழலில் வளரும் இலைச்செடிகளுக்கு இந்த மழை பிரச்சினையே இல்லை. காற்றும் கிணற்று உப்பும்தான் அவற்றைக் கெடுக்கும். ஆகவே ஒன்றுக்கு மழை மறைவு, மற்றதற்குக் காற்று மறைவு. கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான்.

எதை வாங்கலாம், எதை விடலாம்

திருச்சூர் பக்கம் மண்ணுத்தியும், கோதாவரிக் கரையில் கடியமும் நர்சரிகளுக்குப் பேர்போன ஊர்கள். அங்கிருந்து வரும் புது ரகங்கள் எல்லாம் நம் ஊருக்குத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம்.

முதல் சக்குலண்டாக ஹாவொர்தியா அல்லது கேஸ்டீரியா வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் புதர், பாறை நிழலில் வளர்பவை. வராந்தா வெளிச்சமே போதும். சான்செவீரியாவில் இப்போது இரண்டு ரகம் அதிகம் கிடைக்கிறது: வெள்ளி கலந்த வெளிர்பச்சையில் ‘மூன்ஷைன்’, அகலமான ஒற்றை இலையாக நிற்கும் ‘வேல் ஃபின்’. மூன்ஷைனை இருட்டில் வைத்தால் வெள்ளி மறைந்து கரும்பச்சை ஆகிவிடும். அது நோயல்ல, வெளிச்சக் குறை. வேல் ஃபின் அடுத்த இலை விட மாதக்கணக்கில் ஆகும். செத்துவிட்டதோ என்று தோண்டிப் பார்க்காதீர்கள்.

பூ வேண்டும் என்பவர்களுக்கு, கொத்துக் கொத்தாகப் பெரிய பூ விடும் தாய்லாந்துக் கலப்பின யூபோர்பியா. முள் உண்டு, ஆனால் மழையை மற்ற சக்குலண்டுகளைவிட நன்றாகத் தாங்கும். கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். கையுறை போட்டு வெட்டுங்கள்.

ரோஜாப்பூ வடிவில் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும் எச்சவேரியாவை முதல் வருடம் வாங்காதீர்கள். மெக்சிகோ மலைநாட்டுச் செடி. பகல் வெயிலும் இரவுக் குளிரும் கேட்கும். சக்குலண்டுகள் பலவும் இலைத்துளைகளை இரவில்தான் திறக்கும்; மழைக்காலத்தில் நம் இரவுகளில் வெப்பமும் குறையாது, ஈரமும் குறையாது. ஊட்டியிலிருந்து கொண்டுவந்த எச்சவேரியா ஜூலையில் கூழாகிப் போவதற்கு வளர்ப்பவரின் கைராசியைக் குறை சொல்லிப் பயனில்லை. நீலம், ஊதா பெயின்ட் அடித்த செடிகளும், கல்லைப் பசை போட்டு ஒட்டிய சட்டிகளும் வேண்டவே வேண்டாம்.

நிழல் செடியில் சிவப்பு அக்லோனிமாதான் முதல் தேர்வு. இந்தக் கலப்பினங்களின் சிவப்பு, சுமத்ராவின் அக்லோனிமா ரோட்டண்டம் என்ற காட்டினத்திலிருந்து வந்தது. அதனால் வெப்பமும் ஈரக்காற்றும் இருக்கும் நம் மேற்குப் பகுதி அதற்குத் தாய்வீடு மாதிரி. அடுத்து, துளிர் பச்சையாக வந்து பிறகு ஏறக்குறைய கறுப்பாக மாறும் ‘ரேவன்’ இசட்இசட் செடி. பிறகு கிழங்கிலிருந்து வண்ண இலை விடும் கலேடியம், இலையில் கோலம் போட்டாற்போல் இருக்கும் கலாதியா. இணையத்தில் நிழல் செடி என்று தேடினால் முதலில் வரும் ஹோஸ்டா, ஹியூகெரா இரண்டையும் மறந்துவிடுங்கள். ஹோஸ்டாவுக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். நாகர்கோவிலில் அதற்கு எங்கே போவது?

அக்லோனிமா, கலேடியம் போன்ற சேம்புக் குடும்பச் செடிகளின் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் வீங்கி எரியும். தவழும் குழந்தையும் நாய்க்குட்டியும் உள்ள வீட்டில் தரையில் வைக்கக் கூடாது.

படி 1: கை நிழலை வைத்து இடம் பார்த்தல்

நண்பகலில், செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதற்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் நிழல் விழுந்தால் யூபோர்பியா, பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம். ஓரம் மங்கிய நிழல் என்றால் ஹாவொர்தியா, அக்லோனிமா, கலேடியம். நிழலே விழவில்லை என்றால் இசட்இசட், சான்செவீரியா மட்டும். அவையும் அங்கே உயிரோடு இருக்குமே தவிரத் தழைக்காது.

ஓட்டு வீட்டில் இறவாரத்துக்கு நேர்கீழே எந்தச் சட்டியும் வேண்டாம். கூரை முழுவதும் விழும் மழை அந்த ஒரு கோட்டில்தான் கொட்டும். சுவரை ஒட்டி ஓரடியாவது உள்ளே தள்ளி வையுங்கள். தென்னைக்கு அடியில் நிழல் அருமையாக இருக்கும். ஆனால் மட்டை விழும் வட்டத்துக்குள் வைத்தால் ஒரே அடியில் கலாதியா தட்டையாகிவிடும்.

படி 2: சட்டி

சக்குலண்டுக்கு மண்சட்டி. ஓரத்தின் வழியாகவும் ஈரம் ஆவியாகும். செடியின் அகலத்தைவிட ஓர் அங்குலம் மட்டுமே பெரிதாக இருக்கட்டும். “வளரும்தானே” என்று 8 அங்குலச் சட்டியில் சின்ன ஹாவொர்தியாவை நட்டால், வேர் எட்டாத மண் நாட்கணக்கில் ஈரமாகவே கிடந்து அழுகலைத் தொடங்கி வைக்கும். நிழல் செடிக்கு 6 அங்குலப் பிளாஸ்டிக் சட்டி போதும்.

இரண்டுக்கும் அடித்துளை கட்டாயம். துளையை அடைக்க ஓட்டுச் சில்லு வேண்டாம். கொசுவலைத் துண்டு ஒன்று போதும், மண் நிற்கும், தண்ணீர் போகும். சட்டியை இரண்டு செங்கல் துண்டுகள் மேல் ஏற்றி வையுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் வேருக்கும் கேடு, கொசுவுக்கும் வீடு.

படி 3: கலவை

4 அங்குலச் சட்டி ஒன்றுக்குச் சுமார் அரை லிட்டர் கலவை பிடிக்கும். 6 அங்குலத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். ஒரு லிட்டர் டப்பாவை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சக்குலண்ட் கலவை, 10 டப்பா: பருமணல் 3, பட்டாணி அளவுச் செங்கல் சில்லு 3, மக்கிய இலையுரம் அல்லது மண்புழு உரம் 2, கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 1, நொறுக்கிய சிரட்டைக் கரி 1. மணலையும் சில்லையும் சல்லடையில் சலித்துத் தூளை வெளியே கொட்டுங்கள். இந்த வேலையைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். தூள் சேர்ந்தால் அது இடைவெளிகளை அடைத்து, கலவை சிமென்ட் போல இறுகும். எம்சாண்டிலும் தூள் அதிகம். கழுவிச் சலித்தால் பயன்படுத்தலாம். குளச்சல், முட்டம் பக்கம் உள்ளவர்கள் கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள், உப்பு.

நிழல் செடிக் கலவை, 10 டப்பா: கோகோபீட் 4, மண்புழு உரம் 3, செம்மண் 1, பருமணல் 1, சிரட்டைக் கரி 1. இதோடு இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு.

கோகோபீட்டில் உப்பு இருக்கும். 650 கிராம் கட்டியை ஊற வைத்தால் எட்டு, ஒன்பது லிட்டராக உப்பும். பிழிந்து, நல்ல தண்ணீரில் மேலும் இரண்டு முறை அலசிப் பிழியுங்கள்.

சோதனை: சக்குலண்ட் கலவையைச் சட்டியில் நிரப்பி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே தேங்காமல் பத்து எண்ணுவதற்குள் அடித்துளையில் ஓட வேண்டும். ஓடாவிட்டால் இன்னும் ஒரு டப்பா சில்லு.

படி 4: நர்சரி மண்ணைக் களைதல்

பல செடிகள் வெறும் கோகோபீட்டில்தான் வரும். லாரியில் காயாமல் இருக்க அது நல்லது. நம் வராந்தாவில் அது எமன். மேல்பக்கம் காய்ந்திருக்கும், நடுவில் பஞ்சு போல ஈரம் நிற்கும். சக்குலண்டைப் பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசிப் பழைய மண் முழுவதையும் நீக்குங்கள். கறுத்து நசநசக்கும் வேரை வெட்டிவிடுங்கள். வேர்களுக்கிடையே வெள்ளைப் பொடி இருந்தால் வேர் மாவுப்பூச்சி. மண்ணைக் குப்பையில் போட்டுச் சட்டியைக் கொதிநீரில் கழுவ வேண்டும். திசு வளர்ப்புச் செடிகளில் வேரைச் சுற்றி மெல்லிய வலைக்கூடு இருக்கும். அதைக் கத்தரித்து எடுக்காவிட்டால் வேர் வெளியே பரவாது.

அலசிய சக்குலண்டை மண்ணில்லாமல் நிழலில் காய விடுங்கள். ஆரல்வாய்மொழியில் 2 நாள் போதும், குலசேகரத்தில் 5 நாள் ஆகும். அக்லோனிமா, கலாதியாவுக்கு இந்தக் காயவைக்கும் வேலை கூடாது. பழைய மண்ணில் பாதியை உதிர்த்து, உடனே நட்டு, உடனே தண்ணீர் விட வேண்டும்.

படி 5: நடவும் தண்ணீரும்

சக்குலண்டை, தண்டும் வேரும் சேரும் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய நடுங்கள். மேலே அரை அங்குலம் சில்லு பரப்பினால் அடி இலை ஈர மண்ணைத் தொடாது. நட்டபின் ஒரு வாரம் ஒரு சொட்டும் கிடையாது. வெட்டுப்பட்ட வேர் ஆறட்டும்.

அதன்பின் கிழமை பார்த்துத் தண்ணீர் விடாதீர்கள், ஈர்க்குச்சி பார்த்து விடுங்கள். ஒரு தென்னை ஈர்க்கைச் சட்டியின் அடிவரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். மண் ஒட்டியோ குளிர்ந்தோ வந்தால் இன்று வேண்டாம். சுத்தமாகக் காய்ந்து வந்தால் அடித்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். கோடையில் இது வாரம் ஒருமுறை இருக்கலாம், சாரல் காலத்தில் மூன்று வாரம்கூட ஆகலாம். நிழல் செடிக்கு மேல் ஓர் அங்குலம் காய்ந்ததும் ஊற்றலாம். இலைமேல் அல்ல, அடியில்.

தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. எனவே ஜூன் முதல் டிசம்பர் வரை சக்குலண்டுக்குக் கூரை வேண்டும். வெயிலைத் தாங்கும் 200 மைக்ரான் யூவி பிளாஸ்டிக் ஷீட்டைச் சரிவாகக் கட்டி, நாலு பக்கமும் திறந்து விடுங்கள். பக்கத்தையும் மூடினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

உரம்: நிழல் செடிக்கு, தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், மாதம் ஒருமுறை. சக்குலண்டுக்கு அதில் பாதி, பிப்ரவரியில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை. கொட்டும் மழையில் உரம் வேண்டாம்.

என்னதான் கெட்டுப்போகும்

சக்குலண்டின் அடி இலை கண்ணாடி போல ஆகித் தொட்டால் உதிர்ந்தால், தண்ணீர் கூடிவிட்டது. சுருங்கி மெலிந்தால் அவசரப்பட்டு ஊற்றாதீர்கள். அழுகிய வேராலும் தண்ணீர் இழுக்க முடியாது, அப்போதும் இலை இப்படித்தான் சுருங்கும். முதலில் ஈர்க்குச்சி. மண் ஈரமாக இருந்தும் இலை சுருங்கினால் பிடுங்கி, நல்ல தண்டு தெரியும்வரை வெட்டி, ஒரு வாரம் காயவைத்து மறுபடி நடவும்.

தண்டு நீண்டு, இலைகள் இடைவெளி விட்டுச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. நீண்டது திரும்பச் சுருங்காது. தலையை வெட்டி வைத்துக் காய்ந்தபின் தனியாக நட வேண்டும். மழைக்காலத்தில் இந்த அறுவை வேண்டாம், ஜனவரிக்கு மேல் செய்யுங்கள்.

மஞ்சள் ஓரமுள்ள சான்செவீரியாவை இலைத்துண்டில் பெருக்கினால் வரும் கன்று பச்சையாகத்தான் இருக்கும். மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பக்கக் கன்றைப் பிரித்து நடுவதுதான் வழி. இது தெரியாமல் நர்சரிக்காரரோடு சண்டை போடுபவர்கள் உண்டு.

அக்லோனிமாவின் தண்டு துர்நாற்றத்தோடு கூழானால் பாக்டீரியா அழுகல். நல்ல பகுதிவரை, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் வெட்டி, வெட்டில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்பு மருந்தைப் பூசுங்கள். மழை தொடங்கும் முன் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியை லிட்டருக்கு 20 கிராம் கரைத்து அடியில் ஊற்றி வைப்பது நல்லது. ஆனால் இரண்டையும் ஒரே வாரத்தில் பயன்படுத்தினால் காப்பர் அந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

கலாதியா இலையோரம் பழுப்பாகக் கருகினால் வறண்ட காற்று அல்லது உப்புத் தண்ணீர். கணவாய்ப் பக்கத்து வீட்டில் சுவர் மூலையில், மற்றச் செடிகளுக்கு நடுவே வையுங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் கூரை மழைநீரைப் பீப்பாயில் பிடித்து மூடி வைத்து ஊற்றுங்கள்.

மாவுப்பூச்சிக்கு நிழல் செடியில் வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் 2 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து மாலையில் தெளிக்கலாம். சாம்பல் பூத்த சக்குலண்டில் எண்ணெய் அந்தப் பூச்சையே அழித்துவிடும்; பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். மழைக்கால ஆப்பிரிக்க நத்தைக்கு மண்ணில் உப்புத் தூவினால் செடிதான் முதலில் சாகும். ஈரச் சாக்கில் முட்டைக்கோஸ், பப்பாளி இலை வைத்து இரவில் விட்டு, காலையில் உள்ளே கூடியிருக்கும் நத்தைகளைக் கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

கலேடியம் டிசம்பர், ஜனவரியில் இலைகள் மஞ்சளாகிப் படுத்துவிடும். செத்துப்போச்சு என்று சட்டியைக் கவிழ்ப்பவர்கள் நிறையப் பேர். தண்ணீரை நிறுத்தி, சட்டியை மழை படாத மூலையில் அப்படியே வையுங்கள். அல்லது கிழங்கை எடுத்து உலர்ந்த மணலில் புதைத்து, ரகத்தின் பெயரை எழுதி வையுங்கள். ஏப்ரலில் கோடைமழை விழுந்ததும், முளைக்கண் மேலே பார்க்க 2 அங்குல ஆழத்தில் புதுக் கலவையில் நட்டு, துளிர் தெரியும்வரை ஈரம் மட்டும் காட்டி, முதல் இலை விரிந்தபின் வழக்கம்போல் தண்ணீர் விடலாம்.