மருந்துக்கடை கவுண்ட்டரில் ‘டேக்’: நான் சரிசெய்த விதம்

வேலூர் ஐடா ஸ்கடர் ரோடு பக்கம் மருந்துக்கடையில் நிற்பவருக்கு இந்தி வராவிட்டால், வங்காளத்திலிருந்து சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருபவரிடம் ஆங்கிலம்தான். தகராறு செய்வது ‘டேக்’ (take) என்ற வினை.

‘சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை’ என்பதை அதே வரிசையில் ‘ஃபுட் ஆஃப்டர் டேப்லெட்’ என்றால் அர்த்தம் தலைகீழ். நம் ‘அப்புறம்’ முன்னால் உள்ள சொல்லைப் பிடிக்கும். ‘ஆஃப்டர்’ பின்னால் வருவதைப் பிடிக்கும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு என்று இருக்கும்போது இது சின்ன விஷயமில்லை. வினையை முதலில் வைத்தேன், சரியானது: ‘டேக் ஒன் டேப்லெட் ஆஃப்டர் ஃபுட்’. ‘பிஃபோர்’ வந்தாலும் இதே வரிசை.

மாத்திரைக்கு ‘ஈட்’ வேண்டாம், சிரப்புக்கும் ‘டேக்’தான். (கண்ணில் விடும் சொட்டு மருந்து என்றால் ‘புட்’: ‘புட் டூ டிராப்ஸ் இன் ஈச் ஐ’.)

கேள்வியில் ‘டிட் யூ டுக்’ என்று வாயில் வந்துவிடும். ‘டிட்’டிலேயே இறந்தகாலம் வந்தாயிற்று, எனவே ‘டிட் யூ டேக் இட்?’ ‘ஹாவ் யூ’ என்று தொடங்கினால் ‘டேக்கன்’.

நேரத்துக்கும் இதே வினை, முன்னால் ‘இட்’ போட்டு: ‘இட் டேக்ஸ் ட்வென்டி மினிட்ஸ் டு ரீச் காட்பாடி’. டிராஃபிக் இருந்தால் ‘தர்ட்டி’ என்று சொல்லிவிடுங்கள்.