இஸுமோ தாய்ஷாவை நிதானமாகப் பார்க்க

ஜப்பானின் ஷிமானே மாநிலத்தில் இருக்கும் இந்த ஷிந்தோ (ஜப்பானின் பாரம்பரிய மதம்) ஆலயத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தோரி எனப்படும் ஆலய நுழைவு வளைவுகளில் முதலாவதில் குனிந்து வணங்கிவிட்டு, பாதையின் ஓரமாக நடங்கள், நடுப்பகுதி தெய்வத்துக்குரியது. ஆலயங்களுக்குப் பெரும்பாலும் மேலேறித்தான் போவோம். இங்கே பாதை சரிவாக இறங்குகிறது. அந்த இறக்கத்தில் எனக்குத் தானாகவே பேச்சு நின்றுபோனது.

கை கழுவ வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டியில் முதலில் இடது கை, பிறகு வலது கை கழுவி வாய் கொப்பளியுங்கள். பெரும்பாலான ஷிந்தோ ஆலயங்களில் கும்பிடும்போது இரண்டு முறை கை தட்டுவார்கள், இங்கே நான்கு. கை தட்டுவதற்கு முன்னால் இரண்டு முறை குனிந்து வணக்கம், முடிவில் ஒன்று.

1744இல் கட்டிய கருவறை மாளிகை 24 மீட்டர் உயரம். உள்ளே விடமாட்டார்கள். பலரும் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அது மனசு கேட்காது. வேலியைச் சுற்றிப் பின்பக்கம் வாருங்கள், கையில் பைனாகுலர் இருக்கட்டும். கூரை முழுக்க ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தின் பட்டை. மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரித்து, அடுக்கடுக்காக வைத்து மூங்கில் ஆணி அடித்திருக்கிறார்கள். இறவாரத்தின் விளிம்பைப் பாருங்கள், அந்த அடுக்குகள் தெரியும். மேற்குப் பக்கமும் நின்று கும்பிடுங்கள். மாளிகை தெற்கு நோக்கினாலும் உள்ளே தெய்வம் மேற்கு நோக்கியே இருக்கிறது.

கருவறை மாளிகைக்கு முன்னால் இருக்கும் யாட்சுஆஷி வாசலுக்கு எதிரே தரையில் மூன்று வட்டங்களைத் தேடுங்கள். மூன்று சுகி (ஜப்பானிய ஊசியிலை மரம்) மரங்களைச் சேர்த்துக் கட்டிய, முந்தைய ஆலயத்தின் தூண் 2000இல் அங்கேதான் கிடைத்தது. குறுக்களவு சுமார் 3 மீட்டர். அந்த வட்டங்களுக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் நில்லுங்கள்.