துருக்கி உணவகத்தில் இரண்டு பேர் அளவாகச் சாப்பிடுவது எப்படி?

லண்டன் ஹேரிங்கேயில் கிரீன் லேன்ஸ் சாலை நெடுகத் துருக்கியர்களும் குர்துகளும் சைப்ரஸ்காரர்களும் நடத்தும் உணவகங்கள்தான். சுரங்க ரயிலின் பிக்காடில்லி தடத்தில் டர்ன்பைக் லேனிலோ மேனர் ஹவுஸிலோ இறங்கி நடந்தால் போதும். எந்தக் கடை என்று குழம்ப வேண்டாம், உள்ளே கரி அடுப்பும் மேலே பெரிய புகைக்கூண்டும் கண்ணுக்குத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த வகைக் கடையைத்தான் ஓஜாக்பாஷி என்பார்கள். அடுப்புக்குப் பக்கத்து மேசையையே கேட்டு வாங்குங்கள், சட்டையில் புகை வாசம் ஏறினால் ஏறட்டும்.

அடுத்தது ஆர்டர். இங்கேதான் நிதானம் வேண்டும். இந்தப் பகுதியில் பல கடைகளில் கபாப் சொன்னாலே சூடான ரொட்டி, சாலட், சுட்ட வெங்காயம் எல்லாம் தானாக வந்துவிடும், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. வெங்காயத்தில் மாதுளைப் பாகு ஊற்றியிருப்பார்கள், கரியின் கருகலும் புளிப்பும் சேர்ந்து ரொட்டியை நிறுத்தவே விடாது. இது தெரியாமல் நாலு மெஸே (முதலில் வரும் சிறு தட்டுகள்), இரண்டு கபாப், ஒரு லஹ்மஜுன் (கொத்துக்கறி பரப்பிச் சுட்ட மெல்லிய ரொட்டி) என்று அடுக்கினால் கறி வரும்போது வயிற்றில் இடமே இருக்காது. அதனால் உட்கார்ந்ததும், “கபாபோடு என்னென்ன வரும்?” என்று கேட்டுவிடுங்கள். ரொட்டி, சாலட் எல்லாம் வரும் என்றால் இரண்டு பேருக்கு ஒரே ஒரு மெஸே போதும். என் ஓட்டு ஜஜிக்குக்கு: தயிர், வெள்ளரி, பூண்டு, அவ்வளவுதான்.

கபாபில் ஒரு அடானா, ஒரு ஷிஷ் சொல்லிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடானா என்பது கொத்திய ஆட்டுக்கறியை வால் கொழுப்பும் சிவப்பு மிளகாயும் சேர்த்துப் பட்டைக் கம்பியில் பிடித்துச் சுடுவது, ஷிஷ் என்பது கறித் துண்டுகளைக் கம்பியில் கோத்துச் சுடுவது. நண்பருக்குக் காரம் ஆகாது என்றால் உர்ஃபா சொல்லுங்கள், செய்முறை ஏறக்குறைய அதேதான், காரம் மட்டும் குறைவு. சுழலும் டோனர் கறியை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம், கண்ணெதிரே கரி கனலும்போது அது எதற்கு? முள்கரண்டியையும் ஓரமாக வைத்துவிட்டு, ரொட்டியைக் கிழித்துக் கறியை வெங்காயத்தோடு சேர்த்து எடுங்கள்.

குடிக்க ஐரான். நம் நீர்மோரில் இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் எடுத்துவிட்டு உப்பை மட்டும் விட்டது மாதிரி இருக்கும், கொழுப்புக் கறிக்கு அதைவிடப் பொருத்தமானது எதுவுமில்லை. ஷல்காம் என்ற கருஞ்சிவப்புச் சாறும் உண்டு. ஊதா கேரட்டைப் புளிக்கவைத்து எடுப்பது, நல்ல உப்பு, புளிப்பு. முதலில் ஒன்று வாங்கி இருவரும் ருசி பாருங்கள்.

குனெஃபெ என்ற இனிப்பு வேண்டுமென்றால் கறி பாதி முடியும்போதே சொல்லிவிடுங்கள். சீஸ் உருகச் சுடச்சுடச் செய்து தருவதால் நேரமாகும். இரண்டு பேருக்கு ஒன்றே தாராளம். அப்புறம் தேநீர், பால் கேட்காதீர்கள்.

சேர்த்தது: சைவ நண்பரோடு போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், மெஸேயிலேயே அவர் வயிறு நிறையும். ஆனால் சுட்ட காய்கறியும் வெங்காயமும் கறி வேகும் அதே கம்பித்தட்டில் சுட்டவையாக இருக்கலாம், பருப்பு சூப்பிலும் எலும்புச்சாறு கலந்திருக்கலாம். அவருக்கு அது ஆகாது என்றால் இரண்டையும் ஆர்டருக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, டிப்ஸ் வைக்கும்முன் பில்லைப் பாருங்கள், சேவைக் கட்டணம் ஏற்கெனவே அதில் சேர்ந்திருக்கலாம்.