தொட்டனைத்தூறும்: பழைய வினைச்சொல்லை அகராதியில் பிடிப்பது எப்படி?

தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்
கற்றனைத் தூறும் அறிவு (குறள் 396)

பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். ஆனால் கேணியைத் தொட்டால் தண்ணீர் எப்படி ஊறும்? இங்கே 'தொடு' என்றால் தோண்டு. உரையைப் புரட்டினால் ஒரே வரியில் கிடைத்துவிடும். உரை இல்லாமல் நாமே கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

படி 1: சீரைச் சொல்லாகப் பிரியுங்கள்

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அச்சில் இருப்பவை செய்யுளின் ஓசைக்காகப் பிரித்த சீர்கள், சொற்கள் அல்ல. 'தூறும்' என்பதைத் தனியாகப் பார்த்தால் தூறல் மழைதான் நினைவுக்கு வரும். உண்மையில் அது 'தொட்டனைத்து + ஊறும்'. கடைசி 'து', 'ஊ'வோடு கலந்து 'தூ' ஆகி அடுத்த சீருக்குத் தாவிவிட்டது. அதனால் தேடுபெட்டியில் 'தொட்டனைத்து' என்று முழுதாக அடித்தால் குறள் சிக்காது. 'தொட்டனை'யோடு நிறுத்துங்கள், சிக்கும்.

இன்னும் பிரித்தால் தொட்ட + அனைத்து, அதாவது தோண்டிய அளவுக்கு. 'கற்றனைத்து' என்பதும் அதே வார்ப்பு.

படி 2: பகுதியை (வினையின் அடிச்சொல்லை) கண்டுபிடியுங்கள்

நட்ட – நடு, சுட்ட – சுடு. அப்படியென்றால் தொட்ட – தொடு. அவ்வளவுதான்.

படி 3: அகராதி

என் ஓட்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்கே (1924–36). சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். மொழிபெயர்ப்புச் செயலிகளை இந்த வேலைக்கு நம்பாதீர்கள், அவை 'தீண்டு' என்ற பொருளோடு நின்றுவிடும்.

'தொடு' என்று ஒன்றுக்கு மேல் பதிவுகள் இருக்கும். இறந்தகாலத்தை வைத்துக் கழித்துக்கட்டுங்கள். பூவைத் தொடுத்தான், வழக்குத் தொடுத்தான் எல்லாம் வேறு. நமக்கு வேண்டியது 'தொட்டான்' என்று வருவது.

படி 4: வேறு எங்கே வருகிறது?

ஒரே ஒரு சான்றை வைத்துப் பொருள் முடிவு செய்யக்கூடாது. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் கோப்புகளில் தேடினால் நல்ல தீனி உண்டு. கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலையில் 'காடு கொன்று நாடாக்கி, குளம் தொட்டு வளம் பெருக்கி' என்று வருகிறது. குளத்தை விரலால் தொட்டு யாரும் வளம் பெருக்க முடியாது, ஆகவே சந்தேகம் தீர்ந்தது. புறநானூறு 6இல் 'தொடுகடல்' என்று இருக்கிறது. புராணத்தில் வரும் சகர மன்னனின் மக்களான சகரர் தோண்டியது கடல் என்ற கதை அதற்குப் பின்னால் நிற்கிறது. 'குளம் தொட்டு' என்று மட்டும் தேடினால் சிறுபஞ்சமூலம் என்ற நீதிநூல் தப்பிவிடும், அங்கே 'குளந்தொட்டு' என்று இருக்கும். இரண்டையும் அடித்துப் பாருங்கள்.

படி 5: உறவுக்காரர்கள்

பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (திருத்திய பதிப்பு 1984) இதற்கு உதவும். கன்னடத்தில் கிணறு தோண்டுவதற்கு இன்றும் 'பாவி தோடு' என்கிறார்கள். மலையாளத்தில் 'தோண்டுக' இருக்கிறது. நம் 'தோண்டு'வும் பழைய 'தொடு'வும் இந்தக் குடும்பம்தான்.

இன்றைய பேச்சில் இந்தத் 'தொடு' இல்லை. குழியும் பள்ளமும் தோண்டுகிறோம், கிணறும் குளமும் வாய்க்காலும் பெரும்பாலும் வெட்டுகிறோம். கிணறு வெட்டத்தானே பூதம் புறப்பட்டது! மூக்கை என்றால் நோண்டுகிறோம்.

பின்சேர்க்கை: தோண்டு என்ற பொருளிலேயே வரும் 'அகழ்' எங்கே என்று சிலர் கேட்டார்கள். அது தனி வேர். 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்ற குறளில் (151) இருக்கிறது, அகழியில் இருக்கிறது, கீழடிக்குப் பிறகு செய்தித்தாளிலும் அடிக்கடி 'அகழாய்வு' என்று வருகிறது. இதற்குப் படி 2 கிட்டத்தட்ட தேவையே இல்லை. அகழ்ந்தான், அகழ்வான் என்று பகுதி அப்படியே வெளியே தெரியும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதிலேயே தொடங்கலாம்.